ஆன்லைன் கேம்ல சென்ட்ரல் மார்க்கெட் வேணுமா வேணாமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரெண்ட்ஸ் கூட வாய்ஸ்ல உக்காந்தாலே இந்த டாபிக் எப்படியாவது வந்துடும். புது கேம் எது ஸ்டார்ட் பண்ணாலும் முதல் கேள்வியே "இதுல ஆக்‌ஷன் ஹவுஸ் இருக்கா"ன்னுதான் (அதாவது பிளேயர்ஸ் தங்களுக்குள்ள வாங்கி விக்கிற சென்ட்ரல் மார்க்கெட்), அப்புறம் ஆளுக்கொரு பக்கம் சண்டை. ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து விளக்குறதுக்கு பதிலா, கேட்ட கேள்விகளை கேட்ட மாதிரியே போட்டு கீழ பதில் எழுதியிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா முன்னாடி சொன்னதை பின்னாடி திரும்ப சொல்லல.

சென்ட்ரல் மார்க்கெட்னா என்ன ப்ரோ? ஷாப்ல டைமண்ட் போட்டு ஸ்கின் வாங்குறோமே, அதுவா?

அது கம்பெனி விக்கிற கடை. நான் சொல்றது பிளேயரே பிளேயருக்கு விக்கிற இடம். உங்களுக்கு ஒரு வாள் டிராப் ஆச்சு (அரக்கனைக் கொன்னப்போ விழுந்துச்சு), உங்க கேரக்டருக்கு அது தேவையில்ல, விலை போட்டு பொது லிஸ்ட்ல வெச்சுட்டு லாக் அவுட் பண்ணி தூங்கப் போயிடலாம், வேணும்னு தேடுறவங்க வாங்கிக்குவாங்க, காசை அங்க எடுத்து பொருளை இங்க குடுக்கிற வேலையை கேமே பாத்துக்கும். வாங்குறவரும் விக்கிறவரும் பேசிக்கணும்னு இல்ல, ஒரே நேரத்துல ஆன்லைன்ல இருக்கணும்னும் இல்ல. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்ல ஆக்‌ஷன் ஹவுஸ், ரூன்ஸ்கேப்ல கிராண்ட் எக்ஸ்சேஞ்ச், கில்டு வார்ஸ் 2-ல டிரேடிங் போஸ்ட், பேர் வேற வேற, விஷயம் ஒண்ணுதான்.

ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ மாதிரி கேம்ல ஒரு பிளேயர் தன் பொருளை இன்னொருத்தருக்கு விக்கிற வழியே கிடையாது, அதனால இந்தப் பேச்சே அங்க எழாது. அக்கவுண்ட்டையே விக்கிறாங்களேன்னு கேக்காதீங்க, அது ரூல்ஸை மீறுற வேலை, எப்போ வேணா பேன் ஆகலாம்.

அது வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் எப்படித்தான் வாங்குனாங்க வித்தாங்க?

சாட்ல கத்தித்தான். எவர்குவெஸ்ட் 1999-ல வந்தப்போ வியாபாரத்துக்குன்னு கம்பெனி எந்த இடமும் செஞ்சு குடுக்கல. ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ்னு ஒரு ஏரியால இருந்த சுரங்கப்பாதைல பிளேயர்ஸ் தாங்களாவே கூட ஆரம்பிச்சு அதுவே சந்தையாயிடுச்சு. "இது இருக்கு, அது வேணும்"னு டைப் பண்ணிக்கிட்டே மணிக்கணக்கா நிக்கணும். அப்புறம் 2001 கடைசில வந்த லூக்லின் எக்ஸ்பான்ஷனை (கேமோட கூடுதல் பாகம்) ஒட்டி பஜார்னு தனி ஏரியா வந்துச்சு, கேரக்டரை அங்க கடைக்காரரா நிறுத்தி வெக்கலாம்.

ராக்னராக் ஆன்லைன் ஆடினவங்களுக்கு ப்ரோன்டெரா தெரு ஞாபகம் இருக்கும். மெர்ச்சன்ட் கிளாஸ் (வியாபாரி வகை கேரக்டர்) ஆளுங்க வரிசையா கடை விரிச்சு உக்காந்திருப்பாங்க, ஒவ்வொரு கடையா கிளிக் பண்ணி பாத்துட்டே போகணும், விலை சரியான்னு தெரிய பத்து கடை ஏறி இறங்கணும். அதுல ஒரு அழகு இருந்துச்சு, மறுக்க மாட்டேன். ஆனா ஒரு பொருள் வாங்க ஒரு சாயங்காலமே போயிடும்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, மார்க்கெட் வேணுமா வேணாமா?

வேணும். ஆனா எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி வேணாம். கேம்ல ரெண்டு வகை பொருள் இருக்கு. ஒண்ணு, எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது: மூலிகை, இரும்புத் தாது, போஷன் (குடிக்கிற மருந்து), பொருளை மேம்படுத்துற கிராஃப்டிங் ஆர்ப். இன்னொண்ணு, ஒவ்வொண்ணும் ஸ்டாட் (அதோட பலத்தை சொல்ற எண்கள்) மாறி மாறி டிராப் ஆகுற ஆயுதம், கவசம். தக்காளியை கிலோ இவ்வளவுன்னு போர்டு மாட்டி விக்கலாம், வீட்டு மனையை அப்படி விக்க முடியாது, நேர்ல போய் பாத்து பேசித்தான் முடிப்போம். முதல் வகைக்கு ஒரே பெரிய திறந்த மார்க்கெட்தான் நியாயம், அங்க அலைய விடுறதுல பிளேயருக்கு ஒரு லாபமும் இல்ல.

ரெண்டாவது வகைலதான் சிக்கல். அந்தப் பொருளை தேடுறதேதான் கேம். அதை ஒரு சர்ச் பாக்ஸ்ல போட்டுட்டீங்கன்னா தேடுற வேலை முடிஞ்சு போச்சு, அதோட கேமும் முடிஞ்சு போகும். அதனால அங்க கட்டுப்பாடு வேணும், என்ன கட்டுப்பாடுன்னு கீழ ஒவ்வொண்ணா வருது. மார்க்கெட்டே வெக்காம விட்டா வியாபாரம் நடக்காதுன்னு நினைக்கிறதுதான் பெரிய தப்புக்கணக்கு, அது கேமுக்கு வெளிய போய் நடக்கும், அவ்வளவுதான்.

டயாப்ளோ 3-ல வெச்சு கேமே நாசமா போச்சே, அதைப் பாத்தும் எப்படி வேணும்னு சொல்றீங்க?

இந்தக் கேள்வி வராத நாளே இல்ல, அதனால கொஞ்சம் விரிவா. டயாப்ளோ 3 ரிலீஸ் ஆனது 2012 மே. கேமுக்குள்ள சேக்கிற காசான கோல்டுல நடக்கிற ஆக்‌ஷன் ஹவுஸ் ஆரம்பத்துலேயே இருந்துச்சு, நிஜக் காசு ஆக்‌ஷன் ஹவுஸ் அமெரிக்கால ஜூன்ல திறந்தாங்க. ஒரு ஆயுதம் விக்கிறதுக்கு கேமை எடுத்த பிளிஸ்ஸார்டு கம்பெனி 1 டாலர் எடுத்துக்கும், ஒரு பொருளுக்கு அதிகபட்ச விலை 250 டாலர். 2013 செப்டம்பர்ல மூடப் போறோம்னு அறிவிச்சு, 2014 மார்ச் 18 அன்னிக்கு ரெண்டையுமே மூடிட்டாங்க. பொருளைத் தேடி அலையுறதுக்குன்னே எடுத்த கேம்ல, அந்தத் தேடலையே இது கெடுக்குதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

என்ன நடந்துச்சுன்னு யோசிங்க. இன்ஃபெர்னோங்கிற ரொம்ப கஷ்டமான லெவலுக்கு போனா சும்மா நின்னாலே சாவீங்க, நல்ல கியர் (ஆயுதம், கவசம்) இல்லாம ஒரு அடி நகர முடியாது. டிராப் ஆகுற பொருள்ல நிறைய உங்க கிளாஸுக்கே ஒத்து வராத ஸ்டாட், பார்பேரியனுக்கு மந்திரவாதி ஸ்டாட் இருக்கிற கோடரி மாதிரி. ஆனா உலகத்துல எங்கயோ ஒருத்தருக்கு சரியான கோடரி விழுந்து லிஸ்ட்ல இருக்கு, விலையும் கம்மி. அப்போ நீங்க எதுக்கு டன்ஜன் போவீங்க? காசு சேக்கத்தான் போவீங்க. அரக்கனைக் கொன்னா பொருள் வரும்ங்கிற சந்தோஷம் போயி, கொன்னா காசு வரும், காசு இருந்தா லிஸ்ட்ல பொருள் வரும்னு ஆயிடுச்சு.

இதை சரி பண்ணது மார்க்கெட்டை மூடினது மட்டும் இல்லங்கிறதை எல்லாரும் மறந்துடுறாங்க. மூடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி, 2014 பிப்ரவரி கடைசில, லூட் சிஸ்டத்தையே (எது டிராப் ஆகும்ங்கிற ஏற்பாடு) மாத்தினாங்க, உங்க கிளாஸுக்கு ஏத்த பொருள் அதிகம் விழுற மாதிரி. லெஜண்டரி பொருளெல்லாம் அக்கவுண்ட்டோட ஒட்டிக்கும்னு ஆக்கினாங்க. டிராப் சிஸ்டம் உடைஞ்சிருந்துச்சு, மார்க்கெட் அந்த உடைசலை பெருசாக்கி காட்டுச்சு.

அப்போ நிஜக் காசுதான் வில்லன், கேம் கோல்டுல மட்டும் இருந்தா ஓகே, அப்படித்தானே?

அப்படி இல்ல. நிஜக் காசு வந்தா இன்னும் மோசம்ங்கிறது உண்மைதான், ஆனா மேல சொன்ன சந்தோஷம் போன கதை கோல்டு மார்க்கெட்லயும் அதே அளவுக்கு நடந்துச்சு, அதனாலதான் அதையும் சேத்து மூடினாங்க.

அப்போ 2004-ல இருந்து ஆக்‌ஷன் ஹவுஸ் வெச்சிருக்கிற வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் எப்படி தாங்குது? அங்க ரெய்டுல, அதாவது பல பேர் கூட்டா போற பெரிய சண்டைல, பாஸ் அரக்கன் குடுக்கிற நல்ல கியர் எடுத்தவரோட ஒட்டிக்கும், விக்க முடியாது. மார்க்கெட்டுக்கு வர்றது பெரும்பாலும் மூலிகை, தாது, போஷன், கிராஃப்ட் பண்ண சாமான். அதாவது முதல் வகை. ரெய்டுக்கு தேவையான போஷனை நீங்க லிஸ்ட்ல வாங்கலாம், ரெய்டை லிஸ்ட்ல வாங்க முடியாது. மார்க்கெட்டை எங்க நிறுத்தணும்ங்கிற கோட்டை கேம் ஆரம்பத்துலேயே போட்டுட்டாங்க, டயாப்ளோ 3-ல அந்தக் கோடே இல்ல.

பாத் ஆஃப் எக்ஸைல்காரங்க பத்து வருஷமா வேணாம் வேணாம்னாங்களே, இப்போ மட்டும் எப்படி மனசு மாறுச்சு?

மாறினது பாதிதான், அந்தப் பாதி எதுன்னு பாத்தா நிறைய புரியும். நியூசிலாந்துல இருக்கிற கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013-ல கேமை ரிலீஸ் பண்ணப்போ ஆக்‌ஷன் ஹவுஸ் வெக்கல. 2017 நவம்பர்ல ஒரு நீளமான விளக்கமே எழுதினாங்க: டிரேட் ஈஸியா ஆச்சுன்னா எல்லாரும் அதிவேகமா கியர் ஏத்திடுவாங்க, அதை ஈடுகட்ட டிராப் ரேட்டை குறைக்க வேண்டி வரும், அப்புறம் டிரேடே பண்ணாதவங்க பட்டினி கிடப்பாங்கன்னு. அந்த வாதம் இன்னிக்கும் சரிதான்னு நினைக்கிறேன்.

ஆனா அப்போ நடைமுறை என்ன? வெப்சைட்ல பொருளைத் தேடி, விக்கிறவருக்கு விஸ்பர் (தனி மெசேஜ்) அனுப்பி, அவர் மேப்ல சண்டைல இருந்து வெளிய வந்து, பார்ட்டிக்கு இன்வைட் பண்ணி, அவர் ஹைட்அவுட்டுக்கு (கேமுக்குள்ள அவரோட சொந்த இடம்) போயி, விண்டோ திறந்து மாத்திக்கணும்னு இருந்துச்சு. சின்ன கரன்சி மாத்தக்கூட இதே கூத்து. 2024 ஜூலைல வந்த லீக்ல (புது சீசன்) கரன்சி எக்ஸ்சேஞ்ச் குடுத்தாங்க, கேயாஸ் ஆர்ப், டிவைன் ஆர்ப் மாதிரி ஒரே வகை சாமானுக்கு மட்டும் உடனடி மார்க்கெட். நான் மேல சொன்ன முதல் வகை அதேதான். 2025 ஆகஸ்ட்ல பாத் ஆஃப் எக்ஸைல் 2-லயும், அக்டோபர் கடைசில முதல் கேம்லயும், விக்கிறவர் ஆஃப்லைன்ல இருந்தாலும் கியர் வாங்கிக்கிற மாதிரி கடை டேப் வந்துச்சு.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை அந்த கோல்டு கட்டணம். எக்ஸ்சேஞ்ச்ல மாத்தவும் பொருள் வாங்கவும் கேம் கோல்டு செலவாகும், அந்த கோல்டை யாருக்கும் குடுக்கவோ விக்கவோ முடியாது, அரக்கனைக் கொன்னு நீங்களேதான் சேக்கணும். ஆடாம சும்மா நின்னு வாங்கி விக்கிறதே வேலையா வெச்சிருக்கிறவங்களுக்கு கோல்டு தீந்து போயிடும். கதவைத் திறந்து விட்டுட்டு, ஆடுறவங்க மட்டும் உள்ள வர்ற மாதிரி செஞ்சிருக்காங்க.

லிஸ்ட்ல கம்மி விலைக்கு போட்டிருந்தான், விஸ்பர் பண்ணா ரிப்ளையே வரல, இருபது பேருக்கு அனுப்பிட்டேன், ஏன்?

அதுக்குப் பேரு பிரைஸ் ஃபிக்ஸிங். விக்கிற எண்ணமே இல்லாம சில பேர் ஒரு பொருளை பாதி விலைக்கு லிஸ்ட் பண்ணி வெப்பாங்க. புதுசா ஆடுறவர் தனக்கு விழுந்த அதே பொருளோட விலை தெரிய அந்த லிஸ்ட்டைப் பாத்து, அதே பாதி விலைக்கு நிஜமாவே போடுவார், அடுத்த நொடி அவங்களே வாங்கிடுவாங்க. விக்க விருப்பம் இல்லேன்னா ரிப்ளை பண்ணாம இருக்கலாம்ங்கிற வசதி இருக்கிற வரைக்கும் இது நடக்கும்.

மார்க்கெட் வேணாம்னு சொல்றவங்க இதுக்கு பதில் சொல்லியே ஆகணும். உடனே வாங்குற பட்டன் இருந்தா பொய் விலை போட்டவர் அந்த விலைக்கே பொருளை இழப்பார். ஏமாறுறது எப்பவும் புது ஆளுதான், அவருக்கு விலை தெரியாது, கேக்க ஆளும் தெரியாது.

மார்க்கெட் இருந்தா பாட்டும் (ஆள் இல்லாம தானா ஆடுற ப்ரோக்ராம்) நிஜக் காசுக்கு கோல்டு விக்கிற கும்பலும் பெருகிடுமே?

மார்க்கெட் இருந்தா பாட் வெட்டின மரத்தையும் தாதுவையும் யாருன்னே தெரியாம கொட்டி விக்கலாம், அது உண்மை. ஆனா மூடினா ஓடிடுவாங்களா? ரூன்ஸ்கேப் கதையைப் பாருங்க. 2007 நவம்பர்ல கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் கொண்டு வந்தாங்க, அடுத்து 2008 ஜனவரில பிளேயர்ஸ் நேரடியா சுதந்திரமா மாத்திக்கிறதையே கட்டுப்படுத்திட்டாங்க, ரெண்டு பக்கமும் மதிப்பு கிட்டத்தட்ட சமமா இருந்தாத்தான் டிரேட் நடக்கும். கோல்டு விக்கிற கும்பல் திருட்டு கிரெடிட் கார்டுல மெம்பர்ஷிப் வாங்கி கம்பெனிக்கு நஷ்டம் பண்ணதுதான் காரணமா சொன்னாங்க. பிளேயர்ஸ் கொதிச்சுப் போயிட்டாங்க, ஃப்ரெண்டுக்கு ஒரு பரிசு குடுக்கக்கூட முடியல. 2011 பிப்ரவரி 1-ல திரும்ப திறந்து விட்டாங்க. மூணு வருஷம் நேர்மையா ஆடினவங்கதான் தண்டனை அனுபவிச்சாங்க.

2013-ல ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் வந்தப்போ கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் இல்லாமதான் வந்துச்சு. என்ன ஆச்சு? எல்லாரும் ஜைபெஸ்னு வெளி சைட்ல விலை பாத்து ஆள் பிடிச்சாங்க. 2015 பிப்ரவரில பிளேயர்ஸ் ஓட்டுப் போட்டுத்தான் திரும்ப உள்ள வந்துச்சு. கேமுக்குள்ள நடந்தா எல்லாத்துக்கும் ரெக்கார்டு இருக்கும், ஒரே அக்கவுண்ட் ராத்திரி பகலா ஒரே தாதுவை கொட்டுதுன்னு தெரியும். வெளி சைட்லயும் டிஸ்கார்டுலயும் பேசி முடிக்கிறதை யார் பாக்குறது? பாட்டைப் பிடிக்க தனியா ஆள் போட்டே ஆகணும், மார்க்கெட்டை மூடுறது அதுக்கு மாத்து மருந்து ஆகாது.

காசு நிறைய வெச்சிருக்கிறவன் எல்லாத்தையும் வாங்கி பதுக்கி விலையை ஏத்திட மாட்டானா?

ஏத்துவான், சின்ன சர்வர்ல. ஐநூறு பேர் ஆடுற சர்வர்ல ரெய்டுக்கு முந்தின நாள் ஒரே ஆள் எல்லா போஷனையும் வாரி எடுத்துட்டு மூணு மடங்கு விலைல திரும்பப் போடுறது ரொம்ப சுலபம். மார்க்கெட் எவ்வளவு பெருசோ அவ்வளவுக்கு இது கஷ்டமாகும், பதுக்கினவர் விலை ஏத்துறதுக்குள்ள வேற ஆயிரம் பேர் சரக்கு கொண்டு வந்துடுவாங்க. கில்டு வார்ஸ் 2 இதைத் தெரிஞ்சுதான் 2012-லயே அமெரிக்கா, ஐரோப்பா ரெண்டுக்கும் சேத்து ஒரே மார்க்கெட் வெச்சுச்சு. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் அந்த முடிவுக்கு வர 2022 ஆகஸ்ட் ஆச்சு, அதுவும் ஒரே வகை சாமானுக்கு மட்டும் பிராந்தியம் முழுக்க ஒரே மார்க்கெட், கியர் பழையபடி சர்வருக்குள்ளேயே.

இன்னொரு வழி, வாங்குற அளவுக்கு வரம்பு. கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்ல ஒவ்வொரு பொருளையும் 4 மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம்னு இருக்கு. எளிமையான ரூல், ரொம்ப நல்லா வேலை செய்யுது. பிளாக் டெசர்ட் ஆன்லைன்ல விலைக்கே மேல கீழ எல்லை போட்டிருக்காங்க, அது எனக்கு பிடிக்கல. எல்லைல போய் விலை முட்டிக்கிச்சுன்னா அதுக்கு மேல குடுக்கத் தயாரா இருந்தாலும் குடுக்க முடியாது, பிரீ ஆர்டர் போட்டு காத்துக்கிட்டே கிடக்கணும்.

விக்கிறது நான், கஷ்டப்பட்டது நான், கேமுக்கு எதுக்கு டேக்ஸ்?

அரக்கனைக் கொன்னா கோல்டு வருதே, அது வேற யார் பையில இருந்தும் வரல, கேம் புதுசா அடிச்சுக் குடுத்தது. லட்சக்கணக்கான பேர் தினமும் அடிச்சுட்டே இருந்தா கோல்டுக்கு மதிப்பு கரைஞ்சுட்டே போகும், இன்னிக்கு ஆயிரத்துக்கு வாங்கினது அடுத்த வருஷம் பத்தாயிரம். அதை வெளிய உறிஞ்சி எடுக்கணும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 5%, கில்டு வார்ஸ் 2 லிஸ்ட் பண்ண 5%, வித்ததும் 10%, மொத்தம் 15%. அது யார் கைக்கும் போறதில்ல, அழிஞ்சு போகுது.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் இதுல ஒரு படி மேல. 2021 டிசம்பர்ல 1% டேக்ஸ் போட்டு, 2025 மே-ல 2% ஆக்கினாங்க. அந்தக் காசுல ஒரு பங்கை எடுத்து மார்க்கெட்ல தேங்கிக் கிடக்கிற கியரை கேமே வாங்கி அழிச்சிடுது. கோல்டு மட்டும் இல்ல, பொருளும் சேந்துக்கிட்டே போனா பிரச்சனைதான், ஏன்னா கேம்ல வாள் தேயாது, பத்து வருஷத்துக்கு முன்ன விழுந்த வாளும் இன்னிக்கு விழுந்த வாளும் ஒண்ணுதான். பழசு அழியலேன்னா புதுசா கண்டெடுக்கிறவர் உழைப்புக்கு விலையே இருக்காது.

ஈவ் ஆன்லைன்தான் பெரிய எகானமின்னு சொல்றாங்க, அங்க ஒரே சென்ட்ரல் மார்க்கெட்தானே?

இல்ல, பாத்தா அப்படித் தெரியும். ஐஸ்லாந்துல சிசிபி 2003-ல ஆரம்பிச்ச விண்வெளி கேம் ஈவ்ல மார்க்கெட் எல்லாம் ரீஜன் ரீஜனாதான். ஃபோர்ஜ் ரீஜன்ல இருக்கிற ஜிட்டா, அதுலயும் நாலாவது கிரகத்து நாலாவது நிலாப் பக்கத்துல இருக்கிற ஒரே ஸ்டேஷன், அங்கதான் எல்லாரும் கூடுறாங்க. அதை கம்பெனி தலைநகரம்னு அறிவிக்கல. அதுக்கு முன்னாடி யூலாய்னு வேற இடம் சந்தையா இருந்துச்சு, அங்க போற குறுக்குவழிப் பாதைகளை எடுத்ததும் கூட்டம் ஜிட்டாவுக்கு நகந்துடுச்சு.

வாங்கின பொருள் வாங்கின ஸ்டேஷன்லயே கிடக்கும், நீங்கதான் கப்பல்ல ஏத்திட்டு போகணும். வழில மறிச்சு அடிக்க ஆள் காத்திருப்பாங்க, 2012-ல ஒரு பெரிய கூட்டணி ஜிட்டாவையே முற்றுகை போட்டு சரக்குக் கப்பல்களை கொளுத்தினாங்க. அதனால தூரத்துல விலை கூட, ஜிட்டால கம்மி, நடுவுல சரக்கு ஓட்டுறதே ஒரு தொழில். அடிச்ச கப்பல் அடிச்சதுதான், திரும்ப வராது. மேல சொன்ன பொருள் தேங்குற நோய் அங்க ரொம்ப கம்மி, சண்டை நடக்க நடக்க டிமாண்ட் இருந்துட்டே இருக்கும். ஆல்பியான் ஆன்லைனும் இதே வழி, ஊருக்கு ஊர் மார்க்கெட், நடுவுல உயிரைப் பணயம் வெச்சு சரக்கு கடத்தணும். தூரமே விளையாட்டா இருக்கிற கேம்ல உலகம் முழுக்க ஒரே மார்க்கெட் வெக்கக் கூடாது, வெச்சா பாதி கேம் காலி.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்ல கில்டுதான் (பிளேயர்ஸ் சேந்து அமைக்கிற குழு) கடை வெக்குது, அது நல்ல நடுவழி இல்லையா?

பேப்பர்ல அழகா இருக்கு. ஒருத்தர் 5 கில்டுல சேரலாம், ஒரு கில்டுக்கு 500 பேர், ஒவ்வொரு கில்டும் ஊர் ஊரா நிக்கிற வியாபாரி ஒருத்தரை வாரா வாரம் ஏலத்துல எடுக்கணும். எல்லாரும் போற ஊர்ல இடம் பிடிக்கிற கில்டு பணக்கார கில்டு, அதுல சேர வாரத்துக்கு இவ்வளவு வித்தே ஆகணும்னு கண்டிஷன் போடுவாங்க. எப்பவாவது பத்து பொருள் விக்கிற சாதாரண ஆளுக்கு அங்க இடம் இல்ல. வாங்குறவங்க பாடு இன்னும் கஷ்டம், ஊர் ஊரா ஓடணும். கடைசில என்ன ஆச்சு, டாம்ரியல் டிரேட் சென்டர்னு ஒரு ஆட்-ஆன் வந்து எல்லாக் கடை விலையையும் ஒரே இடத்துல தேட வெச்சிடுச்சு. ஆட்-ஆன் இருக்கிறவங்களுக்கு சென்ட்ரல் மார்க்கெட், இல்லாதவங்களுக்கு அலைச்சல். இதுக்கு நேரடியாவே வெச்சிருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது.

மார்க்கெட் வந்தா யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்க, அப்புறம் எதுக்கு மல்டிபிளேயர்?

இந்த நஷ்டம் நிஜம். ஒரு கொல்லர் நல்ல வாள் செய்வார்னு சர்வர் பூரா பேர் வாங்குறது, பேரம் பேசப் போயி ஃப்ரெண்டாகி கில்டுல சேந்தது, இதெல்லாம் சர்ச் பாக்ஸ்ல நடக்காது. இதை நான் லேசா எடுத்துக்கல.

ஆனா யார் பேசினாங்கன்னு யோசிங்க. வேகமா இங்கிலீஷ் டைப் பண்ணத் தெரிஞ்சவங்க, மணிக்கணக்கா நிக்க நேரம் இருக்கிறவங்க. நம்ம ஊர்ல காலேஜ் முதல் வருஷம் ஆடுற பையன் ஒருத்தன் இங்கிலீஷ்ல பேரம் பேசக் கூச்சப்பட்டு வந்த விலைக்கு குடுத்துட்டு வருவான், தப்பா நினைச்சுடுவாங்களோன்னு ரெண்டாவது தடவை கேக்க மாட்டான். பொண்ணு பேர்ல கேரக்டர் இருந்தா விலை கேட்ட விஸ்பர் எங்க போய் முடியும்னு ஆடுறவங்களுக்குத் தெரியும். மார்க்கெட் இவங்க எல்லாருக்கும் ஒரே விலை சொல்லுது. பேசுறதுக்கு ரெய்டு இருக்கு, கில்டு இருக்கு. அந்தக் கொல்லர் பேரு நிலைக்கணும்னா 2022-ல வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கொண்டு வந்த கிராஃப்டிங் ஆர்டர் மாதிரி, குறிப்பிட்ட ஆளுக்கே ஆர்டர் அனுப்புற வழி வெக்கலாம்.

எனக்கு டிரேடே பிடிக்காது, நானே கண்டெடுத்து போட்டுக்கணும், எனக்கு ஏன் கம்மி டிராப்?

நியாயமான கோவம். இதுக்கு இதுவரைக்கும் நான் பாத்ததுல நல்ல பதில் லாஸ்ட் எபாக், 2024 பிப்ரவரில முழு ரிலீஸ் ஆனப்போ ரெண்டு சங்கம் வெச்சாங்க. ஒண்ணுல சேந்தா பஜார்ல வாங்கலாம் விக்கலாம். இன்னொண்ணுல சேந்தா டிரேட் கிடையாது, ஆனா நல்ல டிராப் அதிகம். பஜார்ல வாங்கின பொருளை திரும்ப விக்க முடியாது, அதனால வாங்கி விக்கிற இடைத்தரகர் வேலைக்கே இடம் இல்ல. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்ல 2014-ல இருந்து அயர்ன்மேன் மோடு இருக்கு, டிரேடே கிடையாது, ஆனா அதுக்காக டிராப் ஒண்ணும் கூட வராது, அது பெருமைக்கு ஆடுறது. வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுறவங்களுக்கு லாஸ்ட் எபாக் வழிதான் சரி.

ஸ்டீம் மார்க்கெட்ல கத்தி ஸ்கின் வாங்கிப் போட்டா நல்ல இன்வெஸ்ட்மெண்ட்னு ஒரு அண்ணன் சொன்னாரு, போடலாமா?

போடாதீங்க தம்பி. ஸ்டீம்ங்கிறது வால்வ் கம்பெனியோட கேம் கடை, அதுல இருக்கிற மார்க்கெட் நான் பேசுற வகைல கொஞ்சம் வேற, அங்க கவுண்டர் ஸ்ட்ரைக் ஸ்கின் அழகுக்கு மட்டும்தான், அதை மாட்டினதால குண்டு ஒண்ணும் கூடுதலா பாயாது, அதனால டயாப்ளோ 3 நோய் அங்க வராது. கேமுக்கு நல்லதுதான். ஆனா வித்த காசு ஸ்டீம் வாலட்லதான் நிக்கும், பேங்குக்கு வராது, ஒவ்வொரு விற்பனைலயும் சுமார் 15% போயிடும். பேங்குக்கு கொண்டு வரணும்னா வெளி சைட்டுக்குப் போகணும், அங்க ஏமாந்தா கேக்க ஆள் இல்ல.

2025 அக்டோபர்ல வால்வ் ஒரே ஒரு அப்டேட் விட்டுச்சு, சிவப்பு ரக ஸ்கின் அஞ்சைக் குடுத்து கத்தியோ கிளவுஸோ ஆக்கிக்கலாம்னு. ஒரே நாள்ல கத்தி விலை பயங்கரமா சரிஞ்சுச்சு. அது தப்புன்னும் சொல்ல முடியாது, கேம் அவங்களோடது, எந்தப் பொருள் எவ்வளவு இருக்கணும்னு முடிவு பண்றதும் அவங்கதான். உங்க சேமிப்பு அப்படி ஒரு முடிவை நம்பி இருக்கக் கூடாது.

நாங்க நாலு பேர் சேந்து ஒரு மல்டிபிளேயர் கேம் பண்றோம், மார்க்கெட் முதல் நாள்ல இருந்தே வெக்கட்டுமா?

முதல்ல எது விக்க முடியாதுன்னு லிஸ்ட் போடுங்க, எது விக்கலாம்னு அப்புறம். விக்க முடிஞ்சதை நடுவுல ஒட்ட வெச்சா பிளேயர்ஸ் கொதிப்பாங்க, ஒட்டினதை பின்னாடி திறந்து விட்டா யாரும் கோவப்பட மாட்டாங்க. ஒரே வகை சாமானுக்கு மட்டும் மார்க்கெட்டோட ஆரம்பிங்க, டேக்ஸையும் வாங்குற வரம்பையும் முதல் நாளே வெச்சிடுங்க, ஏன்னா இல்லாத டேக்ஸை ரெண்டாவது வருஷம் கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம். டிராப் ரேட்டை மார்க்கெட் பக்கமே போகாத ஒருத்தரை மனசுல வெச்சு செட் பண்ணுங்க. உங்க டீம்லயே ஒருத்தர் டிரேட் இல்லாம கடைசி வரைக்கும் ஆடிப் பாத்து, அவருக்கு சலிப்பு வரலேன்னா சரி.

அடுத்தது டூப், அதாவது பொருளையோ கோல்டையோ நகல் எடுக்கிற பக். இதை யாரும் கேக்குறதே இல்ல, ஆனா மார்க்கெட் வெக்கிறதுல பெரிய ஆபத்தே இதுதான். 2013 மே-ல டயாப்ளோ 3-ல ஒரு பேட்ச்ல (அப்டேட்) நிஜக் காசுக்கு விக்கிற கோல்டு கட்டோட அளவை பெருசாக்கினாங்க, லிஸ்ட் போட்டுட்டு கேன்சல் பண்ணா போட்டதை விட அதிக கோல்டு திரும்ப வந்துச்சு. சில மணி நேரத்துல கணக்கில்லாத கோல்டு மார்க்கெட் வழியா எல்லார் கைக்கும் பரவிடுச்சு. நியூ வேர்ல்டுல 2021 நவம்பர்ல இதே மாதிரி ஆனப்போ, கோல்டு அனுப்புறதுல இருந்து டிரேடிங் போஸ்ட் வரைக்கும் பிளேயர்ஸ் காசு மாத்திக்கிற எல்லா வழியையும் அமேசான் தற்காலிகமா நிறுத்த வேண்டி வந்துச்சு. கைக்கு கை மாத்துற கேம்ல டூப் மெதுவா பரவும், சென்ட்ரல் மார்க்கெட்ல நெருப்பு மாதிரி பரவும். அதனால மார்க்கெட்டை மட்டும் தனியா அணைக்கிற ஒரு சுவிட்ச் வெச்சுக்கோங்க, கேம் ஓடிட்டே இருக்கணும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி நம்பர் குடுத்து அது எந்த அரக்கன்கிட்ட இருந்து விழுந்து யார் யார் கைக்கு போச்சுன்னு எழுதி வெச்சுக்கோங்க. அது இல்லேன்னா திருட்டுப் பொருள் எது, நல்ல பொருள் எதுன்னு பிரிக்க வழி இருக்காது, மொத்த சர்வரையும் ரோல்பேக் பண்ண (பழைய நிலைக்கு திருப்ப) வேண்டி வரும், அன்னிக்கு ராத்திரி நேர்மையா ஆடினவங்க கண்டெடுத்ததும் அதோட சேந்து போயிடும்.